எமன்பி குளிசை: இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஜனவரி 11, இரவு 8.40 (கேள்வி)

என் அம்மம்மாவுக்கு 91 வயது. உப்புவெளியில் எங்களோடுதான் இருக்கிறா. பனடோல் என்றாலும் பிரஷர் குளிசை என்றாலும் அவவுக்கு எல்லாமே 'எமன்பி'தான். "அந்த எமன்பியை எடுத்து வை பிள்ளை, சாப்பிட்டுட்டுப் போடுறன்" என்பா. எமனைப் பின்னுக்குத் தள்ளுகிற மருந்து, அதனால்தான் எமன்பி, அது பழைய சித்த மருந்து என்று பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்கிறார். திருகோணமலைப் பழைய ஆட்கள் யாராவது இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா?

ஜனவரி 11, இரவு 10.15

கேட்டிருக்கிறேன். வாத்தியாரின் விளக்கம் அழகு, ஆனால் பிழை. எமனும் இல்லை, பின்னும் இல்லை. எம் அன் பி. மே அன் பேக்கர் என்ற இங்கிலாந்து மருந்துக் கொம்பனியின் இரண்டு முதலெழுத்து, நடுவில் ஒரு 'அன்'. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், எமன் தானாக வந்து உட்காருவான்.

நான் 34 வருடம் பாமசியில் நின்றவன். எங்கள் அப்பம்மாவும் எமன்பிக்காரிதான். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 11, இரவு 10.50

நித்திரை வரவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். அந்த மருந்தின் முழுப் பெயர் எம் அன் பி 693. முதல் 692 தடவை தோற்று, 693ஆவது தடவை வென்றதால் அந்த எண்.

ஜனவரி 12, காலை 6.30

நேற்று இரவு எழுதிய 692 தோல்விக் கதையை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும். அது நான் பெடியனாக இருந்தபோது முதலாளி சொன்ன கதை. கொம்பனிக்காரர்கள் புதிதாகச் செய்த ஒவ்வொரு சேர்வைக்கும் பதிவுக் கொப்பியில் ஒரு வரிசை எண் போட்டார்கள். இது 693. அவ்வளவுதான். முந்தியவை எல்லாம் தோல்வி என்று அர்த்தமில்லை. 125 என்ற எண்ணில் ஒரு மருந்து முதலே விற்பனைக்கு வந்திருந்தது, பிறகு 760ம் வந்தது. எங்கள் வீட்டு இலக்கம் மாதிரி. நான் 47ஆம் இலக்கத்தில் இருக்கிறேன் என்பதற்காக 46 வீடு இடிந்து விழவில்லை.

ஜனவரி 12, மாலை 5.20

சரி, இப்போது விரிவாக.

அந்த 693இன் இரசாயனப் பெயர் சல்பாபிரிடீன். சல்பா குடும்பத்துப் பிள்ளை. பென்சிலின் கடைக்கு வருவதற்கு முன்னர், கிருமிக் காய்ச்சலுக்கு வாயால் போட்டு ஆளை எழுப்பிய முதல் குடும்பம் இதுதான்.

மூத்தது ஒரு சாயம். ஜெர்மனியில் பாயர் ஆய்வுகூடத்தில் 1932இல் கிளாரர், மீட்ஷ் என்ற இரண்டு பேர் ஒரு சிவப்புச் சாயத்தைச் செய்தார்கள். கெர்ஹார்ட் டோமாக் அதை எலிகளில் சோதித்தார். கிருமி ஏற்றிய எலிகள் பிழைத்தன. 1935 பெப்ரவரியில் வெளியிட்டார். பெயர் புரொன்டோசில். இதற்கிடையில் டோமாக்கின் மகளுக்கு ஊசி குத்திக் கையில் சீழ் வைத்து, கையை எடுக்க வேண்டி வரும் என்ற நிலை. தகப்பன் தன் சாயத்தையே கொடுத்தார். கை தப்பியது. 1939இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். ஹிட்லரின் ஆட்கள் வாங்க விடவில்லை. பதக்கம் 1947இல்தான் கைக்கு வந்தது, காசு வரவேயில்லை.

ஒரு வேடிக்கை. அந்தச் சாயத்தைக் கண்ணாடிக் குழாயில் கிருமியோடு சேர்த்தால் ஒன்றும் நடக்காது. உடம்புக்குள் போனால்தான் வேலை செய்யும். ஏன் என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் 1935இலேயே கண்டுபிடித்தார்கள்: உடம்பு அந்தச் சாயத்தை இரண்டாக உடைக்கிறது, அதில் ஒரு துண்டுதான் மருந்து. அந்தத் துண்டின் பெயர் சல்பனிலமைட். வியன்னாவில் ஒரு மாணவர் 1908இலேயே செய்து வைத்த பொருள். இருபத்தேழு வருடம் சாயக்காரர்களின் அலுமாரியில் கிடந்திருக்கிறது. மருந்து என்று ஒருத்தருக்கும் தெரியாது.

உடைந்தால்தான் வேலை செய்யும் என்ற விசயத்தை நினைவில் வையுங்கள். ஏன் இதை எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் எங்கேயோ கொண்டுபோய்விடும் என்று தோன்றுகிறது.

ஜனவரி 12, இரவு 9.05

அப்பம்மாவின் கதை.

எங்கள் அப்பப்பா டொக்யாட்டில் வேலை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டதும், கைக்குழந்தைகளோடு தம்பலகாமம் பக்கம் ஓடிப் போய், பிறகு திரும்பி வந்தவர்கள். அதற்கு அடுத்த மாரியில் சின்ன மாமிக்கு நாலு வயது. நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குள் குழி விழுந்ததாம். அப்பம்மா இதைச் சொல்லும்போது தன் இரண்டு விரலால் என் விலாவில் அழுத்திக் காட்டுவா. "இந்தா, இவ்வளவு ஆழம்."

டொக்யாட் வழியாக ஒரு அப்போதிக்கரி வந்தார். பெரிய வெள்ளைக் குளிசை. பாதியாக உடைத்து, தேனில் குழைத்து, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், இரவிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை சத்தி எடுத்தது. உதடும் நகமும் நீலமாய்ப் போயிற்று. அப்பம்மா ஒப்பாரி வைக்காத குறை. அப்போதிக்கரி பயப்படாதே என்றாராம், தண்ணீர் மட்டும் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இரு என்றாராம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சின்ன மாமி 79 வயது வரை இருந்துவிட்டுப் போனா.

சத்தி, நீலம், தண்ணீர் மூன்றும் புத்தகத்தில் உள்ளபடியே. சல்பாபிரிடீன் வயிற்றைப் பிரட்டுவதில் பேர்பெற்றது. இரத்தத்தின் நிறத்தை மாற்றி உடம்பை நீலமாக்கும். தண்ணீர் போதாவிட்டால் சிறுநீரகத்தில் பளிங்காகப் படியும். அப்பம்மா எழுத்து வாசிக்கத் தெரியாதவ, ஆனால் 693இன் பக்கவிளைவை வரிசை பிசகாமல் சொன்னா.

முட்டை மட்டும் கொடுக்கக் கூடாது, வெங்காயமும் கூடாது என்று ஒரு பத்தியமும் சொல்லுவா. அது அவவின் சொந்தச் சரக்கு. நாட்டு வைத்தியருக்குப் பத்தியம் இருந்தால் வெள்ளைக்காரன் குளிசைக்கும் இருக்கத்தானே வேண்டும் என்று சேர்த்திருப்பா.

ஜனவரி 13, காலை 7.10

"ஒரு மருந்தின் பெயர் எப்படி எல்லாக் குளிசைக்கும் ஆனது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொம்பனி ஒரு மருந்தோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து எத்தனையோ குளிசை விட்டது, அதில் பலவற்றின் முதுகில் அந்த இரண்டு எழுத்தும் பதிந்திருக்கும். நான் 80களில் எண்ணிக் கொடுத்த குளிசைகளிலும் விரலில் தட்டுப்படும். 693 போய்விட்டது, எழுத்து நின்றது. உங்கள் அம்மம்மாவுக்கு முதலில் வந்து உயிரைக் காத்ததன் பெயர்தான் பெயர். நாங்கள் எந்தச் சலவைத் தூளையும் ரின்சோ என்றோமே, அதுபோல.

குளிசை என்ற சொல்லும் அப்படித்தான். தமிழ்நாட்டில் மாத்திரை என்பார்கள். குளிகை என்று சித்த வைத்தியர் உருட்டியதுதான் எங்களிடம் குளிசை ஆனது. ஆகவே வாத்தியாருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்: எமன்பி சித்த மருந்து இல்லை, குளிசை சித்தச் சொல்.

ஜனவரி 13, மதியம் 1.30

வந்துவிட்டது. எதிர்பார்த்தேன். வின்ஸ்டன் சர்ச்சிலைச் சேற்றில் இருந்து காப்பாற்றிய ஏழைத் தோட்டக்காரனின் மகன் அலெக்சாண்டர் பிளெமிங், பிறகு நிமோனியாவில் கிடந்த சர்ச்சிலைப் பென்சிலின் காப்பாற்றியது என்ற வாட்ஸப் கதையை ஒருவர் கீழே ஒட்டியிருக்கிறார். கோணேசர் கோயில் வாசலில் நிற்கிற மான்களுக்குக் கூட இந்தக் கதை தெரியும்.

கதை பொய். சர்ச்சிலுக்கு 1943 டிசம்பரில், வட ஆபிரிக்காவில் கார்த்தேஜில் வைத்து நிமோனியா வந்தது உண்மை. கொடுத்தது பென்சிலின் இல்லை. எங்கள் எமன்பிக் குடும்பத்துச் சல்பாதான். அவரைப் பார்த்த வைத்தியர்கள் மொரான் பிரபுவும் பெட்ஃபோர்டும். அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து எம் அன் பி என்று சர்ச்சில் பகிடி பண்ணினார். ஆக, பிரித்தானியப் பிரதமருக்கு ஒரு வருடம் முன்பே சின்ன மாமிக்குச் சல்பா கிடைத்துவிட்டது. அப்பம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் ஊரே தாங்கியிருக்காது.

அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு ஒரு கணக்கு. 1938இல் பர்மிங்காமில் நிமோனியா நோயாளிகளில் 100 பேருக்கு 693 கொடுத்தார்கள், 100 பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத பக்கம் 27 பேர் போனார்கள். கொடுத்த பக்கம் 8.

ஜனவரி 16, இரவு 8.00

முட்டை விசயத்தில் நான் அப்பம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பழைய பாடப்புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அட்டை இல்லை, செல் அரித்தது. வேறெதையோ தேடி எடுத்தேன். சல்பா கொடுக்கும்போது முட்டை, வெங்காயம் போன்ற கந்தகச் சத்துள்ள சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டும், பேதி உப்பும் கொடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்து டொக்டர்மாரே சொல்லியிருக்கிறார்கள். உடம்பு நீலமாவதற்குக் கந்தகம்தான் காரணம் என்று நினைத்தார்கள். பிறகு அந்தத் தடையைக் கைவிட்டார்கள்.

அப்பம்மா ஒன்றையும் சேர்க்கவில்லை. அப்போதிக்கரி சொன்னதை அறுபது வருடம் அப்படியே வைத்திருந்தா. "சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அப்பம்மா" என்று நான் பாமசி உடுப்போடு நின்று சொன்னது இப்போது காதில் கேட்கிறது. அவ ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்து வாயில் வைத்தா.

ஜனவரி 16, இரவு 8.25

ஆனால் இதில் ஒரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது. சல்பா என்றால் கந்தகம் என்ற குழப்பம். அந்தக் குழப்பத்தை டொக்டர்மாரே தொடக்கிவைத்தார்கள் என்றால் எங்கள் சனத்தைக் குறை சொல்லி என்ன.

ஜனவரி 19, மாலை 6.45

"எனக்கு சல்பர் அலர்ஜி. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கலாமா?" இது பகிடியா உண்மையா என்று தெரியவில்லை. உண்மை என்றே எடுத்துப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு ஓர் அம்மா எங்கள் கடைக்கு வந்திருக்கிறா.

உங்களுக்குச் சல்பா குளிசைதான் ஒத்துக்கொள்ளாது. கந்தகம் ஒத்துக்கொள்ளாத மனிதன் உலகத்தில் இல்லை. உங்கள் நகத்தில் கந்தகம் இருக்கிறது, முடியில் இருக்கிறது, நீங்கள் தின்கிற மீனில் இருக்கிறது. கந்தகத்துக்கு அலர்ஜி என்றால் உங்களுக்கு நீங்களே அலர்ஜி.

கிட்டத்தட்ட ஒரே சத்தமுள்ள பெயர்கள், ஆனால் ஆட்கள் வேறு:

சல்பர் என்றால் கந்தகம், தனிமம். சல்பேட் என்பது ஓர் உப்பு; பேதி உப்பும் அதுதான், இரும்புச்சத்துக் குளிசை பலதிலும் அதுதான். சல்பைட் என்பது உலர்ந்த பழம் பழுதாகாமல் இருக்கப் போடுவது. அது சில ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கிளப்பும், ஆனால் அது வேறு கணக்கு. சல்பா என்பது கந்தகமும் நைதரசனும் ஒரு குறிப்பிட்ட விதமாகப் பிணைந்த மருந்துக் குடும்பம். இந்தக் குடும்பத்துக் கிருமி மருந்துகளில்தான் சிலருக்குத் தோல் வெடித்து, வாய் புண்ணாகி, ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அளவுக்குப் போகும். அது விளையாட்டில்லை. எழுதி வைக்கத்தான் வேண்டும். ஆனால் 'சல்பர்' என்று எழுதக் கூடாது. எந்தக் குளிசை, போட்ட பிறகு என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

இன்னும் குழப்ப வேண்டுமா? பென்சிலினுக்குள் கந்தகம் இருக்கிறது, அது சல்பா இல்லை.

கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளியுங்கள். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாள் ஊன்றிய இடம் என்கிறார்கள், அவனும் அலர்ஜி பார்த்திருக்க மாட்டான்.

ஜனவரி 19, இரவு 9.30

மற்றவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

நான் பாமசியில் சேர்ந்து இரண்டாவது வருடம். மழை இரவு. மூதூரில் இருந்து வள்ளத்தில் வந்த ஒரு தகப்பன், கையில் ஈரமான மருந்துத் துண்டு. மகனுக்கு இழுப்பு. துண்டில் சல்புட்டமோல். அதே துண்டின் மூலையில் 'சல்பர் அலர்ஜிக்' என்று வேறு மையில் ஒரு வரி. நான் பார்த்தேன்: சல்பர், சல்புட்டமோல். இரண்டிலும் 'சல்ப்'. மருந்தைக் கொடுக்க மறுத்துவிட்டேன். டொக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அந்த மனிதன் ஒன்றும் பேசாமல் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

சல்புட்டமோலில் ஒரு துளி கந்தகம் கிடையாது. பல நேரம் அதை சல்பேட் உப்பாகக் கட்டி விற்பார்கள், அதுவும் சல்பா இல்லை, அதாலும் ஒன்றும் நடக்காது. முதலாளி வந்து கேட்டதும் முகம் சிவந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அந்த மனிதனைக் கண்டுபிடித்தேன். கடை மூடியிருந்த ஒரு தாழ்வாரத்தில் பெடியனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தார். பெடியனின் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாணியை அங்கேயே ஊற்றிக் கொடுத்தோம். பெடியனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எழுத்து மூன்று ஒத்துப் போனதால் நடந்தது அது.

ஜனவரி 20, காலை 6.50

தமிழில் நல்ல பெயர் வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்று ஒருவர். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்து, புத்தகங்களையும் தமிழாக்கினவர். அவர் காலத்தில் சல்பா இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்? என் பயம் என்னவென்றால், 'கந்தக மருந்து' என்றுதான். அப்போது கன்னியாக் கேள்வி இன்னும் பத்துப் பேரிடமிருந்து வந்திருக்கும். இந்த ஓர் இடத்தில் சல்பா என்றே விட்டது நல்லது.

பெப்ரவரி 2, இரவு 7.40

"எமன்பி தெரியாது, ஆனால் சிபசால் தெரியும்" என்று எழுதிய திருக்கடலூர்க்காரருக்கு: வாருங்கள். அதுவும் இதே குடும்பம்தான். சல்பாதயசோல் என்பதை சீபா என்ற சுவிஸ் கொம்பனி விற்ற பெயர். முன்பாதி கொம்பனி, பின்பாதி மருந்தின் வால். சீபா என்பதே பாசல் நகர இரசாயனக் கைத்தொழில் என்பதன் முதலெழுத்துகள். ஆகவே புண்ணில் சிபசால் தூவியவர்கள் எல்லாம் சுவிற்சர்லாந்தின் ஒரு நகரத்தின் பெயரையும் சேர்த்துத் தூவியிருக்கிறார்கள். மேலே 760 என்றேனே, அதுவும் இதே பொருள்தான், எம் அன் பிக்காரன் போட்ட எண். ஒரு மருந்துக்குக் கொம்பனிக்கொரு பெயர் வைக்கிற தொல்லை இப்போது தொடங்கியதில்லை.

என் இடது காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. 1969. கரைவலை இழுக்கிற இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, திருக்கையை மிதித்தேன். முள் கணுக்காலுக்குப் பின்னால். முதலில் சுடுதண்ணீரில் காலை வைத்தார்கள், நோ குறைந்தது. அது சரியான வைத்தியம்தான். பிறகு அப்பா சிபசால் குளிசையை அம்மியில் நுணுக்கிக் காயத்துக்குள் கொட்டிக் கட்டினார். நாலு நாளில் கட்டை அவிழ்த்தால், தூளும் சீழும் சேர்ந்து தயிர்க்கட்டி மாதிரி. மேலும் கொட்டினார். பதினைந்து நாள் பள்ளிக்கூடம் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்த பிறகுதான் ஆறியது.

ஏன் வேலை செய்யவில்லை என்று பாமசிப் பரீட்சைக்குப் படித்தபோது விளங்கியது. கிருமி தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே சமைக்கிறது. அதற்கு ஒரு மூலப்பொருள் வேண்டும். சல்பா பார்ப்பதற்கு அந்த மூலப்பொருள் மாதிரியே இருக்கும். புட்டுக்கு அரிசி மா என்று நினைத்துச் சுண்ணாம்பைக் குழைத்தவள் கதைதான், கிருமி அன்றைக்குப் பட்டினி. நாங்கள் ஃபோலிக் அமிலத்தைச் சாப்பாட்டில் எடுக்கிறோம், அதனால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சீழ் பிடித்த இடத்தில் செத்துப்போன சதையில் இருந்து அந்த உண்மையான மூலப்பொருள் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்தில் நல்ல மா மூட்டை இருக்கும்போது சுண்ணாம்பை யார் தொடுவார்கள்?

அப்பா கொட்டக் கொட்ட, கிருமிக்கு விருந்து. போதாதற்குத் தோலில் தூவித் தூவித்தான் பல பேருக்கு அலர்ஜியே தொடங்கியது.

பெப்ரவரி 3, காலை 7.00

மேலே எழுதியதைப் பார்த்து யாரும் அப்பாவைத் திட்ட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆளுக்கொரு சல்பாத் தூள் பொட்டலம் இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். அப்பா அந்தக் காலத்து ஆள்.

பெப்ரவரி 9, இரவு 10.20

பெயர் என்று தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன், பெயர் காரணமாக ஒரு கொம்பனி மாட்டுப்பட்ட கதை.

1937, அமெரிக்கா. சனம் குடிக்கிற மருந்தாகவும் கேட்கிறது என்று சல்பனிலமைட்டைப் பாணியாகச் செய்ய ஒரு கொம்பனி நினைத்தது. கரைப்பதற்கு டைஎதிலீன் கிளைக்கோல். இனிப்பாக இருந்தது, நல்ல வாசம், நிறம் எல்லாம் பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. 100 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள்.

அப்போதைய சட்டத்தில், சோதிக்காமல் மருந்து விற்பது குற்றமே இல்லை. பிறகு எப்படிப் பிடித்தார்கள்? போத்தலில் 'எலிக்சிர்' என்று போட்டிருந்தது. எலிக்சிர் என்றால் மதுசாரம் கலந்திருக்க வேண்டும். இதில் மதுசாரம் இல்லை. பெயர் பிழை என்ற ஒரே காரணத்தைப் பிடித்துத்தான் போத்தல்களைப் பறிமுதல் செய்தார்கள். 'பாணி' என்று போட்டிருந்தால் அதுவும் முடிந்திருக்காது. அடுத்த வருடம் சட்டத்தை மாற்றினார்கள்.

அந்தக் கிளைக்கோல் இன்னும் சாகவில்லை. 2022இல் காம்பியாவில் பிள்ளைகள் இருமல் பாணி குடித்துச் செத்ததே, அந்தப் பாணிகளிலும் இதே பொருள் இருந்தது.

பெப்ரவரி 10, காலை 6.40

இல்லை, சல்பா முழுக்கச் செத்துவிடவில்லை. "காலாவதியான மருந்தைப் பற்றி ஏன் இவ்வளவு" என்று கேட்டவருக்குச் சொல்கிறேன். சல்பாமெதொக்சசோல் இன்னொன்றோடு ஜோடி சேர்ந்து கோட்ரைமொக்சசோல் என்று இன்றும் கடையில் இருக்கிறது. பழைய ஆட்கள் செப்ட்ரின் என்பார்கள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கை வெந்தால் பூசுகிற வெள்ளைக் களிம்பு, அதில் வெள்ளியும் சல்பாடையசீனும். எமன்பி 693 மட்டும் போய்விட்டது. நல்லவை வந்ததும் அதை ஒருவரும் தேடவில்லை.

மார்ச் 8, இரவு 9.50

மேலே பெப்ரவரி 10இல் எழுதிய கடைசி இரண்டு வரியும் பிழை. நான் 34 வருடம் பாமசியில் நின்றவன் என்று பெருமையாகத் தொடங்கியதும் நினைவிருக்கிறது.

இன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன், பாலையூற்று. அக்காவுக்கு 71, முடக்குவாதம், விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கும். கிளினிக்கில் இருந்து வந்த குளிசைகளைக் கிழமைக்குப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுப்பது என் வேலை. மஞ்சள் குளிசை ஒன்று, பெரியது, வழுவழுப்பாக மேற்பூச்சு. சல்பாசலசீன். மாதாமாதம் எண்ணுகிறேன். இரண்டு வருடமாக எண்ணுகிறேன்.

இன்றைக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. சல்பா, சலசீன். 1940 அளவில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டொக்டர், வாதத்துக்குக் கிருமியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைத்து, கிருமி மருந்து ஒன்றையும் சலிசிலிக் வகை மருந்து ஒன்றையும் ஒரே மூலக்கூறாகக் கட்டச் செய்தார். சலிசிலிக் பாதி சரி. மற்றப் பாதியில் அவர் எடுத்த சல்பா எது?

சல்பாபிரிடீன். 693.

குளிசை குடலுக்குப் போகும், அங்கே உள்ள கிருமிகள் அதை நடுவில் உடைக்கும், உடைந்த ஒரு பாதி எமன்பி. சிவப்புச் சாயம் உடைந்ததே, அதே இடத்தில், அதே மாதிரிப் பிணைப்பு. மூட்டு வாதத்துக்கு வேலை செய்வது பெரும்பாலும் அந்தச் சல்பாபிரிடீன் பாதிதான் என்று கருதுகிறார்கள். ஜனவரி 12இல் "எங்கேயோ கொண்டுபோய்விடும்" என்று எழுதினேன். பாலையூற்றுக்குக் கொண்டுபோய்விட்டது.

முதல் வேலையாகக் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். சல்பா ஒத்துக்கொள்ளாது என்று எங்கும் இல்லை. நல்லது. சல்பா அலர்ஜி உள்ளவர்கள் இந்தக் குளிசையைப் போடக் கூடாது. இருந்தால் முதலே டொக்டரிடம் சொல்லுங்கள்.

மார்ச் 8, இரவு 10.05

கேட்ட பிள்ளைக்கு: உங்கள் அம்மம்மாவின் குளிசைப் பையில் மஞ்சளாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஒன்றுக்காவது அவ சொல்வது அச்சொட்டாகச் சரி.

மார்ச் 9, காலை 7.15

நேற்று அக்காவிடம் சொன்னதை எழுத மறந்துவிட்டேன்.

"அக்கா, இது என்ன குளிசை தெரியுமோ? அப்பம்மா சின்ன மாமிக்குக் குடுத்த எமன்பி."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. திருப்பிப் பார்த்தா. டப்பாவுக்குள் வைத்தா. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"அப்ப நான் இரண்டு வருசமா முட்டை தின்டது?"